காலை எடுத்தால் மைலேஜ் கூடுமா?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்க்காரரான ரால்ஃப் டீட்டர், தம் வக்கீல் ஹாரி லிண்ட்சேயின் காரில் ஏறும்போதெல்லாம் பொறுமை இழப்பார். லிண்ட்சே பேச்சில் கெட்டிக்காரர். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் கார் தானாக மெதுவாகும். பேச்சை நிறுத்திவிட்டு அடுத்தவர் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தால் வேகம் பிடிக்கும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னே ஒரு தள்ளல், பின்னே ஒரு இழுப்பு. பயணம் முடியும்வரை இதே கதைதான்.

சாதாரணப் பயணி என்றால் வெளியே வேடிக்கை பார்த்தபடி இதைப் பெரிதுபடுத்தாமல் விட்டிருப்பார். டீட்டருக்கு அந்த வழி இல்லை. ஐந்து வயதில் கத்தியால் நேர்ந்த ஒரு விபத்துக்குப் பிறகு இரண்டு கண்களிலும் பார்வை போய்விட்டது. ஓடும் மரங்களோ ஸ்பீடாமீட்டர் முள்ளோ அவருக்குத் தெரியாது. சாலை முழுவதையும் உடம்பால் உணர்ந்தே வந்தார். அதனால், கண் தெரிந்தவர்கள் கவனிக்காத ஒன்று அவருக்கு உறைத்தது: மனிதக் காலுக்கு ஒரே வேகத்தில் வண்டி ஓட்டத் தெரியாது.

பார்வை இல்லாமலே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1912-ல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தவர் அவர். பிஸ்டன் ரிங் தயாரித்த தங்கள் குடும்ப நிறுவனத்தை வளர்த்தார். 1936-ல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டயரையும் பெட்ரோலையும் மிச்சம் பிடிக்க, மணிக்கு 35 மைலுக்கு மேல், அதாவது சுமார் 56 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அந்த நாட்டில் கட்டுப்பாடு வந்தது. சட்டம் போட்டாகிவிட்டது, கால் கேட்க வேண்டுமே! டீட்டர் தம் பட்டறையில் ஒரு கருவியைச் செய்யத் தொடங்கினார். அதற்கு 1950-ல் காப்புரிமை கிடைத்தது. ‘ஸ்பீடோஸ்டாட்’ என்று பெயர் வைத்தார். ஓட்டுநர் டாஷ்போர்டில் ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுப்பார். கார் அந்த வேகத்தைத் தொட்டதும் ஆக்சிலரேட்டர் பெடல் அவருடைய காலை எதிர்த்து மேலே தள்ளும். பிறகு அந்த வேகத்தை அப்படியே பூட்டி வைக்கும் வசதியையும் சேர்த்தார். பிரேக்கைத் தொட்டால் பூட்டு விடுபடும்.

1958-ல் கிரைஸ்லர் நிறுவனம் தன் விலை உயர்ந்த கார்களில் இதைப் பொருத்தி ‘ஆட்டோ பைலட்’ என்று விற்றது. கடிலாக் வைத்த பெயர்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது: க்ரூஸ் கன்ட்ரோல்.

குலுக்கலைத் தாங்க முடியாமல் பிறந்த கருவி அது. அந்தக் குலுக்கலுக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு. டீட்டரின் உடம்பு உணர்ந்த ஒவ்வொரு தள்ளலும் இழுப்பும் எரிபொருள் கணக்கில் ஒரு செலவு.

டீக்கடைப் பஞ்சாயத்து

ஒரு காலத்தில் பெரிய கார்களில் மட்டும் இருந்த இந்தப் பட்டன் இப்போது பலேனோ, ஐ20 போன்ற வண்டிகளின் ஸ்டியரிங்கிலும் வந்துவிட்டது. நாற்கரச் சாலையில் டீக்கு நிறுத்தும் இடங்களில் இதைப் பற்றிய விவாதம் சகஜம். “அண்ணே, க்ரூஸ்ல போட்டா மைலேஜ் கூடுமாமே, நெசமா?” என்று புதிதாகக் கார் வாங்கிய இளைஞர் கேட்பார். “எனக்கு ரெண்டு கிலோமீட்டர் கூட குடுக்குது தம்பி” என்பார் ஒருவர். “அட போங்க, ஏற்காடு போனப்ப டேங்க் காலியாயிருச்சு, கால்ல ஓட்டறதுதான் லாபம்” என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஏன் என்று புரிந்துகொள்ள, ஓடும் கார் எதை எதிர்த்துப் போராடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

காற்று என்னும் சுவர்

சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும் காருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, டயர் சாலையில் அழுந்தி உருளும்போது ஏற்படும் உராய்வு. வேகம் கூடினாலும் இது பெரிதாக மாறாது. மற்றொன்று காற்று. இதுதான் ஆளை விழுங்கும் எதிரி. காற்றின் தடை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80-லிருந்து 100 கிலோமீட்டருக்குப் போனால் வேகம் கூடுவது 25 சதவீதம். காற்றுத் தடை கூடுவது 56 சதவீதம். 80-லிருந்து 120-க்குப் போனால் தடை இரண்டேகால் மடங்கு.

நான்கு பேர் ஏறிய ஒரு சாதாரணக் காரை, ஏறத்தாழ 1,400 கிலோ எடை என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80-ல் போவதற்குத் தேவைப்படும் உந்துவிசையைவிட 100-ல் போவதற்குக் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதலாக வேண்டும். சுமை கூடும்போது இன்ஜின் கொஞ்சம் திறமையாக வேலை செய்யும் என்பதால் பெட்ரோல் செலவு அதே விகிதத்தில் கூடாது. இருந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

காற்று என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குக் கார் ஓட்ட வேண்டும். வழியில் முப்பந்தலில் இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று நேராக வண்டியின் முகத்தில் அறையும். ஸ்பீடாமீட்டர் 90 காட்டும்போது எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், காரைப் பொறுத்தவரை அது 120-ல் போவதைப் போலத்தான். காற்றுத் தடை 78 சதவீதம் கூடிவிடும். க்ரூஸ் கன்ட்ரோலில் 90 என்று வைத்திருந்தால் கருவி கொடுத்த வாக்கைக் காப்பாற்றும். முள் 90-ஐ விட்டு நகராது. ஆனால் திரையில் அந்தந்த நொடிக்கான மைலேஜ் காட்டும் கோடு சரசரவென்று கீழே இறங்கும். எவ்வளவு வேகம் என்பது மட்டுமே கருவிக்குத் தெரியும். அந்த வேகத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

இருமல் மருந்து மூடியில் பெட்ரோல்

அடுத்து, காலின் கணக்கு. நாற்கரச் சாலையில் கால் என்ன செய்கிறது என்று கவனித்தால் வியப்பாக இருக்கும். 95-ல் போய்க்கொண்டிருப்போம். நல்ல பாட்டு வந்தால் 105. பக்கத்தில் இருப்பவர் ஏதாவது கேட்டால் 88. முன்னால் லாரி தெரிந்தால் பிரேக். லாரியைத் தாண்டியதும் ஓர் அழுத்து. ஓட்டுபவரைக் கேட்டால், “நூறிலேயேதான் வந்தேன்” என்று மனப்பூர்வமாகச் சொல்வார். ஹாரி லிண்ட்சேயும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

100-ல் போகும் அதே 1,400 கிலோ காரைப் பிரேக் போட்டு 80-க்குக் கொண்டுவந்து, மறுபடி 100-க்கு ஏற்றினால் என்ன செலவு? பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போன ஆற்றலை இன்ஜின் திரும்பச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள்தான் சக்கரத்துக்கு வந்து சேரும். கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு தடவைக்கும் சுமார் 20 மில்லி பெட்ரோல். இருமல் மருந்து அளக்கும் சின்ன மூடியில் இரண்டு மூடி. தூக்கிக் கொட்டினால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். ஆனால் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போவதற்குள் 50 தடவை இப்படிச் செய்தால் ஒரு லிட்டர் போய்விடும்.

கனடா அரசின் இயற்கை வளத் துறை எரிபொருள் சிக்கனம் பற்றிய தன் அறிவுரையில் ஒரு சோதனையைக் குறிப்பிடுகிறது. 18 நொடிக்கு ஒரு முறை வேகத்தை 75-க்கும் 85-க்கும் இடையே ஏற்றி இறக்கினால் எரிபொருள் செலவு 20 சதவீதம் வரை கூடும் என்று அதில் தெரியவந்தது. வெறும் 10 கிலோமீட்டர் ஏற்ற இறக்கம். உள்ளே இருப்பவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவும் தெரியாது. அமெரிக்காவில் கார்களைச் சோதித்து எழுதும் எட்மண்ட்ஸ் 2005-ல் இரண்டு வண்டிகளை வைத்து, க்ரூஸ் போட்டும் போடாமலும் ஓட்டிப் பார்த்தது. அதிகபட்சம் 14 சதவீதம், சராசரியாக 7 சதவீதம் மிச்சமானது.

இந்த 7 சதவீதம் எல்லோருக்கும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். முன்பு கால் எவ்வளவு ஆட்டம் போட்டதோ, மிச்சமாவதும் அந்த அளவுதான். நிதானமாக ஓட்டும் அனுபவசாலிக்கு லாபம் மிகக் குறைவு. லிண்ட்சே மாதிரி ஓட்டுபவருக்கு நிறைய.

எண்ணைத் தேர்ந்தெடுப்பது யார்?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாந்துபோகிறார்கள். காலால் ஓட்டும்போது சராசரியாக 90-ல் போனவர், பட்டன் கிடைத்த உற்சாகத்தில் 100 என்று வைத்துவிடுவார். கால் வலிக்காததால் வேகமும் தெரியாது. 90-லிருந்து 100-க்குப் போக 14 சதவீதம் கூடுதல் உந்துவிசை வேண்டும். பெட்ரோலில் 10 சதவீதம் அளவுக்குச் செலவு ஏறும். சீரான வேகம் சேர்த்துக் கொடுத்த 5, 7 சதவீதத்தை அது விழுங்கிவிட்டுக் கூடுதலாகவும் கேட்கும். மாதம் முடிந்ததும் “க்ரூஸ் போட்டும் மைலேஜ் குறைஞ்சிருச்சே” என்று சர்வீஸ் சென்டரில் போய் நிற்பார்கள். குறை கருவியிடம் இல்லை. அவர்கள் அழுத்தி வைத்த எண்ணில் இருக்கிறது.

45-லிருந்து 55 கிலோமீட்டர் வேகத்தில் போனால், 80-ல் போவதைவிட 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்று இந்தியாவின் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. ஐந்து, ஆறு கியர் கொண்ட இன்றைய கார்களுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. டாப் கியரில் இன்ஜின் திணறாமல் போகும் 70, 80 கிலோமீட்டர்தான் இவற்றுக்கு வசதியான இடம். அதற்கு மேல் ஏற ஏறச் செலவும் ஏறும் என்ற அடிப்படை மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

திண்டிவனத்திலிருந்து திருச்சிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். 110-ல் போகாமல் 90-ல் போனால், சாலை முழுக்க காலியாக இருந்தாலும் 24 நிமிடம்தான் தாமதமாகும். டோல்கேட் வரிசை, ஊருக்குள் நுழையும் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் அந்த வித்தியாசமும் குறையும். வழியில் ஒரு காபி குடிக்கும் நேரத்துக்காக, சக்கரத்துக்குக் கொடுக்கும் விசையை 30 சதவீதம் கூட்டுகிறோம்.

மேட்டில் தோற்கும் கருவி

ஏற்காட்டுக்காரர் சொன்னதும் பொய் இல்லை. மலைப்பாதையில் க்ரூஸ் கன்ட்ரோல் பெட்ரோலைக் குடிக்கும்.

இதற்குக் காரணம் கருவி வேலை செய்யும் விதம்தான். காரின் கணினி ஒரு நொடிக்குள் பலமுறை இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது: நாம் வைத்த வேகம், சக்கரத்தின் உண்மையான வேகம். குறைந்தால் த்ராட்டிலைத் திறக்கும், கூடினால் மூடும். 1788-ல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இன்ஜினில் சுழலும் இரண்டு குண்டுகளை வைத்து இதைத்தான் செய்தார். டீட்டரின் ஸ்பீடோஸ்டாட்டும் அதே வழிதான். நடந்து முடிந்த பிழையைத் திருத்தத்தான் இந்த முறைக்குத் தெரியும். எதிரே வருவதைப் பார்க்கத் தெரியாது.

நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் மேட்டில் 80-ல் ஏற வேண்டுமானால், சமதளத்தில் தேவைப்பட்ட விசையைப் போல மூன்று மடங்கு வேண்டும். கைதேர்ந்த ஓட்டுநர் மேடு வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிடுவார். அடிவாரத்தில் உள்ள வேகத்தோடு ஏறத் தொடங்கி, உச்சிக்குப் போகும்போது வேகம் 65, 70-க்கு இறங்கினாலும் விட்டுவிடுவார். அந்தப் பக்கம் இறக்கத்தில் அது இலவசமாகத் திரும்பக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். கருவிக்கு இது தெரியாது. வேகம் இரண்டு கிலோமீட்டர் குறைந்ததுமே பதறி த்ராட்டிலைத் திறக்கும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியரைக் குறைத்து இன்ஜினை அலற வைக்கும். முழு 80-லும் உச்சியைத் தொட்டுவிட்டு இறக்கத்தில் இறங்கினால் வேகம் 95-ஐத் தாண்டும். சாதாரண க்ரூஸ் கன்ட்ரோலுக்குப் பிரேக் போடும் அதிகாரம் பெரும்பாலும் இல்லை. கடைசியில் ஓட்டுநர்தான் பிரேக்கை மிதிக்க வேண்டும். மேலே ஏற்றுவதற்கு எரித்த பெட்ரோல் கீழே பிரேக் சூடாகி வீணாகும்.

மேட்டைப் பற்றிப் பேசும்போது இறக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் நீண்ட இறக்கம். டீசல் மிச்சமாகும் என்று நம்பி நியூட்ரலில் போட்டு இறங்கும் வழக்கம் லாரிக்காரர்கள் சிலரிடம் இருக்கிறது. அங்கே நடந்த விபத்துகளுக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். இன்றைய வண்டிகளில் அந்த நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எரிபொருள் உள்ளே போவதையே கணினி நிறுத்திவிடும். ஓடும் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க எரிபொருள் செலவாகும். அதோடு இன்ஜின் தரும் பிடிப்பும் போய், முழு வண்டியும் பிரேக்கின் தலையில் விழும். சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் காரியத்தில் எரிபொருளும் மிச்சமாகாது, உயிருக்கும் பாதுகாப்பு இருக்காது.

மலையை முன்கூட்டிப் பார்க்கும் லாரி

கருவிக்கு எதிரே பார்க்கத் தெரியாது என்ற குறையைத் தீர்க்க முதலில் முனைந்தவர்கள் லாரி தயாரிப்பவர்கள்தான். காரணம் எளிது. வருடத்துக்கு லட்சம் கிலோமீட்டர் ஓடும் 40 டன் லாரியில் ஒரு சதவீதம் மிச்சமானாலும் அது பெரிய பணம்.

சுவீடனின் ஸ்கானியா நிறுவனமும் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸும் 2011, 2012-ல் ஐரோப்பியச் சந்தைக்குக் கொண்டுவந்த லாரிகளில் க்ரூஸ் கன்ட்ரோலோடு ஜி.பி.எஸ்.ஸையும் சாலையின் ஏற்ற இறக்க வரைபடத்தையும் இணைத்தன. எதிரே மேடு இருப்பது வரைபடத்திலிருந்து தெரிந்ததும் லாரி அடிவாரத்திலேயே கொஞ்சம் வேகம் எடுத்துக்கொள்ளும். உச்சி நெருங்கும்போது, இறக்கம் வரப்போகிறது என்பதால் முன்கூட்டியே த்ராட்டிலைத் தளர்த்திவிடும். அனுபவமுள்ள டிரைவர் செய்வதை அது வரைபடத்தைப் பார்த்துச் செய்கிறது. இரண்டு நிறுவனங்களும் சுமார் 3 சதவீதம் வரை எரிபொருள் மிச்சமாகும் என்று அறிவித்தன.

முன்னால் போகும் வண்டியைப் பார்க்கும் கண்

கார்களுக்கு வேறு விதமான கண் கிடைத்தது. 1999-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ரேடார் வைத்த க்ரூஸ் கன்ட்ரோல் வந்தது. முன்னால் மெதுவாகப் போகும் வண்டியைக் கண்டால் தானே வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு, பின்தொடரும். வழி விட்டதும் பழைய வேகத்துக்குத் திரும்பும். இதை ‘அடாப்டிவ்’ க்ரூஸ் கன்ட்ரோல் என்கிறார்கள். இந்தியாவில் எக்ஸ்யூவி 700 போன்ற வண்டிகள் வந்த பிறகு நடுத்தர விலைக்கும் இது இறங்கியிருக்கிறது.

அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகமும் வால்வோ நிறுவனமும் சேர்ந்து, சுவீடனின் கோத்தன்பர்க் பகுதியில் அன்றாடம் ஓடிய கார்களின் தரவுகளை ஆராய்ந்தன. இந்த வகை க்ரூஸ் கன்ட்ரோல் போட்டிருந்தபோது எரிபொருள் செலவு 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்திருந்தது.

ஆனால் ஒரு காரின் லாபத்தோடு கதை முடிவதில்லை. 2008-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை ஓட விட்டார்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்பதுதான் கட்டளை. சிக்னல் இல்லை, குறுக்குச் சாலை இல்லை, பள்ளமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவரின் கால் லேசாகத் தயங்கியது. பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிரேக் போட்டார். அதற்கும் பின்னால் வந்தவர் அதைவிட அதிகம். சற்று நேரத்தில் வட்டத்தின் ஒரு பகுதியில் கார்கள் அசையாமல் நின்றன. காரணமே இல்லாமல் ஒரு டிராஃபிக் ஜாம் உருவாகிவிட்டது! காலின் தடுமாற்றம் ஒரு டேங்கோடு நிற்பதில்லை. பின்னால் வரும் இருபது டேங்கையும் அது பதம் பார்க்கும்.

இதே வட்டச் சோதனையை அமெரிக்காவின் டூசான் நகரில் ஆய்வாளர்கள் திரும்பச் செய்தார்கள். இந்த முறை ஒரே ஒரு காரின் வேகத்தை மட்டும் கணினி பார்த்துக்கொண்டது. முன்னால் இடைவெளி விழுந்தாலும் அவசரப்பட்டு ஓடி அடைக்காமல், நிதானமாகப் போகும்படி அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அந்த ஒரு கார் மொத்தக் கூட்டத்தின் ஆட்டத்தையும் அடக்கிவிட்டது. எல்லாக் கார்களின் எரிபொருள் செலவும் சேர்த்து 40 சதவீதம் வரை குறைந்தது. 2022 நவம்பரில் நாஷ்வில் நகரின் பரபரப்பான நெடுஞ்சாலையில், மாற்றியமைத்த க்ரூஸ் கன்ட்ரோல் பொருத்திய 100 கார்களை நிஜப் போக்குவரத்தில் ஓடவிட்டு இதே எண்ணத்தைச் சோதித்தார்கள்.

கடையில் விற்கும் எல்லா ரேடார் க்ரூஸும் இவ்வளவு பக்குவமானது என்று சொல்ல முடியாது. சந்தையில் இருந்த ஏழு கார் மாடல்களை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தபோது, முன்னால் போகும் வண்டியின் சின்ன வேக மாற்றத்தை அவை பின்னுக்குப் பெரிதாக்கியே அனுப்பின. குறைந்த இடைவெளி வைத்தால் திடீர்ப் பிரேக்கும் திடீர் வேகமும் கூடும். அதனால் இந்த வசதி உள்ள வண்டியில் இடைவெளியை அதிகமாக வைத்துக்கொள்வது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, மைலேஜுக்கும் நல்லது.

மின்சாரக் காரில் இந்தக் கணக்கு சற்று மாறும். இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, போன மின்சாரத்தில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பித் தரும். மேட்டில் தோற்பது இதில் குறைவு. ஆனால் காற்றின் கணக்கு இங்கே இன்னும் கடுமை. நகரத்துக்குள் நல்ல தூரம் ஓடும் வண்டி, நெடுஞ்சாலையில் 110-ல் போனால் சார்ஜ் மளமளவென்று இறங்குவதை மின்சாரக் கார் வைத்திருக்கும் எவரும் பார்த்திருப்பார்.

நம் சாலையில் எப்படிப் போடுவது?

நீண்ட, நேரான, சமமான, கூட்டம் குறைந்த சாலையில்தான் இந்தப் பட்டனுக்கு வேலை. விழுப்புரம், உளுந்தூர்பேட்டை தாண்டிய நீளமான பகுதிகள் அதற்கு ஏற்றவை. டாப் கியருக்கு வந்த பிறகுதான் போட வேண்டும். நான்காவது கியரில் போட்டுவிட்டு மறந்தால், கருவி அதே கியரில் மணிக்கணக்காக இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே போகும்.

டோல்கேட் தாண்டியதும் பலர் நேராக ‘ரெஸ்யூம்’ பட்டனை அழுத்துகிறார்கள். பழைய வேகத்தை எட்டிவிட வேண்டும் என்று வண்டி முரட்டுத்தனமாகப் பாயும். காலால் மெதுவாக 80 வரை ஏற்றிவிட்டுப் பிறகு அழுத்தினால் அந்தப் பாய்ச்சலின் பெட்ரோல் மிச்சம். ஆக்சிலரேட்டரில் இருந்த கால் ஓய்வாக இருக்கலாம். பிரேக்கிலிருந்து தூரமாகப் போகக் கூடாது. சென்டர் மீடியனில் திறப்பு வரும் இடங்களிலும், எதிர்த்திசையில் பைக் வரும் கிராமப் பகுதிகளிலும், மாடு குறுக்கிடும் இடங்களிலும் காலால் ஓட்டுவதே சரி.

மழையில் போடவே வேண்டாம். தேங்கிய நீரில் டயர் வழுக்கும்போது, வேகம் குறைந்துவிட்டது என்று நினைத்துக் கருவி இன்னும் முடுக்கப் பார்க்கலாம். தூக்கம் கண்ணைச் சுற்றும் அதிகாலையிலும் வேண்டாம். காலுக்கு வேலை இல்லாவிட்டால் கண்ணும் ஓய்வு கேட்கும். மலைப்பாதையிலும் அணைத்துவிடுவது நல்லது.

தன் காருக்கு எவ்வளவு மிச்சமாகிறது என்று அறிய விரும்புபவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ட்ரிப் மீட்டரை பூஜ்யத்துக்கு வைத்து, ஒரே சாலையில், ஒரே திசையில், ஒரே சுமையோடு, 50 கிலோமீட்டர் காலால் ஓட்டிப் பாருங்கள். காற்று அதிகம் இல்லாத இன்னொரு நாளில் அதே 50 கிலோமீட்டரை, அதே சராசரி வேகத்தில், க்ரூஸ் போட்டு ஓட்டுங்கள். மூன்றாவது தடவை வேகத்தை 10 கிலோமீட்டர் குறைவாக வைத்து ஓட்டுங்கள். மூன்று தடவையும் கிடைத்த மைலேஜ் எண்களை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். மூன்றாவது எண்தான் பெரியதாக இருக்கும். அடுத்த பயணத்தில் அந்த வேகத்தையே வையுங்கள்.